பெட்டகம் பதிவு செய்யப்பட்டது

உலக வரலாற்றில் தமிழன் தன் பெயரைப் பதியாத இடம் என்று ஒன்று இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வரைக்கும் பாக்கி இருந்தது. கடல் கடந்தான், கோயில் கட்டினான், கனடாவுக்கு வந்து ஊருக்கொரு சங்கம், பள்ளிக்கூடத்துக்கொரு பழைய மாணவர் சங்கம், அது உடைந்தால் உடைந்த துண்டுக்கொரு சங்கம் என்று எல்லாவற்றையும் பதிந்தான். ஆனால் கணினியின் ஈரற்குலைக்குள், கேர்னல் என்கிற அந்தக் கர்ப்பக்கிருகத்துக்குள், கோப்பு முறைமைகளின் வரிசையில் அவன் பெயர் இல்லை. இந்தப் பெரும்பழியைத் துடைத்தவர், பியர்பொன்ட்ஸ் வாசியும் மொன்ட்ரியால் தமிழர் நினைவுக் காப்பு ஒன்றியத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளருமாகிய திருவாளர் ஞானேந்திரன் அவர்கள். அவரை ஒரு கும்பிடு கும்பிட்டுவிட்டுக் கதைக்குள் போவோம்.

கேர்னல் என்றால் என்ன என்று கேட்கும் பாமரர்களுக்கு ஒரு விளக்கம். கணினிக்குள் இருந்துகொண்டு எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் பொறுப்பதிகாரிதான் கேர்னல். ஒரு டிஸ்க்கை அவரிடம் நீட்டினால், "இது என்ன வகை?" என்று கேட்பார். ஒவ்வொரு டிஸ்க்கிலும் கோப்புகளை அடுக்கி வைத்திருக்கும் முறை ஒவ்வொரு மாதிரி. அந்த வகைகளின் பெயர்கள் அவரிடம் வரிசையாக நிற்கின்றன. நீங்கள் சொன்ன பெயர் வரிசையில் நின்றால், அந்தப் பெயருக்குரிய ஆளைக் கூப்பிட்டு, "இந்தா, திற" என்பார். நிற்காவிட்டால், "இப்படியொரு வகையை நான் அறியேன்" என்று கையை விரித்துவிடுவார். உள்ளே தங்கமே இருந்தாலும் அவருக்குக் கவலை கிடையாது.

புதிதாக ஒரு வகை வந்து தன்னைப் பதியச் சொல்லிக் கேட்டால், வரிசையைத் தலையிலிருந்து வால் வரைக்கும் ஒருமுறை பார்ப்பார். அதே பெயரில் யாரும் இல்லையென்றால் வாலில் நிற்க இடம் கிடைக்கும். இருந்தால், "ஆள் இருக்கு, போ." அவ்வளவுதான் பரீட்சை. உனக்குத் திறக்கத் தெரியுமா, மூடத் தெரியுமா, வாழ்நாளில் எதையாவது திறந்திருக்கிறாயா என்றெல்லாம் ஒரு கேள்வி இல்லை. இதை முதன்முதல் படித்தபோது ஞானேந்திரனுக்கு மெய்சிலிர்த்தது. ஒன்றியம் இத்தனை காலமும் கடைப்பிடித்து வந்த சட்ட யாப்பு அல்லவா இது!

அவர் டவுன்டவுனில் ஒரு கொம்பனியில் கேர்னல் வேலை பார்த்தார். காலையில் ரயில் கோச்சியில் போய்ப் பின்னேரம் கோச்சியில் வருவார். மற்றவர்கள் எழுதியதில் பிழை பிடிப்பதுதான் அவருடைய உத்தியோகம். எழுதியவனுடைய பெயர் மேலே நிற்கும். பிழை பிடித்தவனுக்கு ஒரு நன்றி, அதுவும் ஆளைப் பொறுத்து. இந்த அநீதி அவருடைய நெஞ்சுக்குள் கிடந்து புழுங்கியது. அந்தப் புழுக்கத்தை ஆற்றுவதற்காகவே ஒன்றியம் இருந்தது.

ஒன்றியத்தின் பணி மகத்தானது. சுனாமி வந்துபோன அடுத்த இலைதுளிர் காலத்தில் அது வீடுவீடாகச் சென்று, "உங்கள் கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீட்டுக் கசெட்டுகளை எங்களிடம் தாருங்கள். ஆயிரம் வருஷம் காப்போம்" என்று அறைகூவியது. "அங்கே கடல் வந்தது. இங்கே பேஸ்மென்ட்டுக்குள் தண்ணி வராது என்று என்ன நிச்சயம்?" என்று தலைவர் விமலநாதன் கேட்டார். அவர் காப்புறுதி முகவர், பயப்படுத்துவதில் கைதேர்ந்தவர். சனம் பயந்து அள்ளிக் கொடுத்தது. கசெட்டில் இருந்ததெல்லாம் கணினிக்கு ஏற்றப்பட்டது. மூலக் கசெட்டுகளை வீணாக்கக் கூடாது என்ற உயர்ந்த நோக்கத்தில், அவற்றின் மேலேயே தலைவரின் திறப்புவிழா உரை, தலைவரின் ஆண்டுவிழா உரை, தலைவர் மற்றவர்களுடைய உரைகளுக்கு ஆற்றிய பதிலுரை ஆகியவை பதியப்பட்டன.

அப்படிக் கொடுத்தவர்களில் ஒருத்தி வசந்தினி. மொன்ட்ரியால்-நோரில் ஒரு அறையில் இருந்துகொண்டு, டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றின் லோண்ட்ரியில் வெள்ளைத் துணி மடிப்பவள். சமாதான காலத்தில் மட்டக்களப்புக்குப் போய் அருள்நேசனைக் கலியாணம் கட்டிவிட்டு வந்தவள். கலியாண அல்பமும் படங்களும் அருள்நேசன் வீட்டில் இருந்தன. வீடு கடற்கரையில் இருந்தது. வீடியோ எடுத்தவனுடைய ஸ்ரூடியோ இன்னும் கிட்டவாக இருந்தது. எல்லாம் போயிற்று. அருள்நேசன் மட்டும் ஒரு பனைமரத்தைக் கட்டிப்பிடித்துத் தப்பினான். அவள் பெட்டிக்குள் வைத்துக் கனடாவுக்குக் கொண்டுவந்த கசெட் ஒன்றுதான் மிச்சம். அதையும் ஒன்றியத்திடம் கொடுத்தாள். கடல் விட்டுவைத்ததை ஒன்றியம் விட்டுவைக்கவில்லை.

சும்மா இருக்கிற ஒரு கோப்பு முறைமையில் இதையெல்லாம் வைத்திருந்தால் போதாதா என்று சில அற்பர்கள் கேட்கலாம். வைக்கலாம். அவை கோப்பைச் சேமிக்கும், கேட்டால் திருப்பித் தரும். அதற்கு மேல் அவற்றிடம் என்ன இருக்கிறது? பண்பாடு இருக்கிறதா? ஆகவே ஞானேந்திரன் பனிக்காலம் முழுவதும் பேஸ்மென்ட்டில் குந்தியிருந்து, தமிழனுக்கென்று ஒரு கோப்பு முறைமையை எழுதி முடித்தார். வேலை செய்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நன்றாகவே வேலை செய்தது. எல்லார் வீட்டுக் கலியாணங்களையும் அதற்குள் மாற்றினார். பெயர் வைக்கிற வேலை ஒன்றுதான் பாக்கி. அதற்கு ஒன்றியம் கூடியது.

ஞானேந்திரனின் மனைவி ஜெகதீஸ்வரி ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தாள். தலைவர் விமலநாதன் ஒரு ரோலைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்தைத் தொடக்கினார்.

"ஞானம், இதை ஆரிட்டைப் பதியவேணும்?"

"கேர்னலிட்டை அண்ணை."

விமலநாதன் ரோலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேணலோ? ஆமியோ, இயக்கமோ, ஆற்றை பக்கம்?"

"அந்தக் கேணல் இல்லை அண்ணை. இது கொம்பியூட்டருக்குள்ளை. ஒரு பக்கமும் இல்லை, எல்லாருக்கும் பொது."

"விசர்க்கதை கதையாதை. எல்லாருக்கும் பொதுவாய் ஒரு கேணல் இருக்கேலாது."

இந்தக் குழப்பம் தெளிந்த பிறகு பெயருக்கு வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொன்னார்கள். தன் ஊர்ப் பெயர், தன் தகப்பன் பெயர், தன் ஊர்க் குளத்தின் பெயர். கடைசியில் "பெட்டகம்" என்ற பெயர் எழுந்தது. எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பிடித்ததால்தான் வினை. அதை முதலில் சொன்னது யார்?

"நான்தான் சொன்னனான்" என்றார் விமலநாதன்.

"நீங்க சொன்னது பெட்டி. பெட்டகம் எண்டு திருத்தினது நான்" என்றார் செயலாளர் கிறகரி. அவர் திருகோணமலைக்காரர், மொன்ட்ரியால்-நோரில் கணினி திருத்தும் கடை வைத்திருந்தார்.

"பெட்டி இல்லாமல் பெட்டகம் எங்காலை வரும்?"

"அப்ப பிள்ளையைப் பெத்தது தாயில்ல, பாட்டியா?"

அன்று ரோல்ஸ் மிஞ்சியது. ஒன்றியத்தின் வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. அடுத்த கிழமையே கிறகரி வெளியேறி, அதே பெயரில் இன்னொரு ஒன்றியம் அமைத்தார். அடைப்புக்குறிக்குள் "அசல்" என்று ஒரு சொல்லைச் சேர்த்ததும் அரசாங்கம் பேசாமல் பதிந்து கொடுத்தது. கனடா தாராள மனசுள்ள நாடு. கேர்னலுக்குத்தான் அந்த மனசு இல்லை.

கிறகரி வெளியேறிய கையோடு தானும் ஒரு பெட்டகம் எழுதினார். எழுதினார் என்றால், பெயரை எழுதினார். திறக்கும் பகுதியை எழுத நேரம் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் "இப்போது முடியாது" என்று சொல்லித் திருப்பியனுப்பும் ஒரு வரியைப் போட்டுவைத்தார். ஒரு சங்கத்துக்கு வேறென்ன வேண்டும்?

கணினி ஒன்று, பெட்டகம் இரண்டு. சமாதானப் பேச்சு ஒரு டோனட் கடையில் நடந்தது. விமலநாதன், திருவிழாவில் முதற் காளாஞ்சி மரியாதை யாருக்கு என்று வழக்காடிக் கோட்டுக்குப் போன பரம்பரை. கிறகரி, தேவாலயப் பெருநாளில் மாதா சுருவம் தூக்கும்போது முன்தோள் யாருடையது என்று மண்டை உடைத்த பரம்பரை. இருவருக்கும் ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கியது. கணினியும் டிஸ்க்கும் ஞானேந்திரன் வீட்டை விட்டு அசையக் கூடாது. கணினி எழும்பும்போதெல்லாம் முதல் மரியாதை கிறகரியின் பெட்டகத்துக்கு; அது முதலில் பதியும். அடுத்ததாக ஞானேந்திரனின் பெட்டகம் பதியும். ஒன்றை ஒன்று வெளியேற்றக் கூடாது. கைகுலுக்கினார்கள், டோனட் சாப்பிட்டார்கள்.

அடுத்ததாக ஒன்றும் பதியாது என்பது அந்த மேசையில் ஒரேயொருவருக்கு நிச்சயமாகத் தெரியும். ஒரே பெயரில் இரண்டாவது ஆளைக் கேர்னல் வாசலிலேயே மறிக்கும் என்று தெரிந்துகொண்டுதான் ஞானேந்திரன் தலையாட்டினார். "பதியட்டும். பதிஞ்சு திறந்து காட்டட்டும். கிறகரியின்ரை பெட்டகம் ஒரு வெறும் டப்பா எண்டு உலகம் பார்க்கட்டும்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். தொலைநோக்கு என்பது இதுதான்.

உலகம் பார்க்க வரவில்லை. வசந்தினிதான் வந்தாள்.

ஒரு பஸ், ஒரு மெற்றோ, பிறகும் ஒரு பஸ் என்று பாதி நாள் பயணம் செய்து பியர்பொன்ட்ஸ் வந்து சேர்ந்தாள். சப்பாத்து முழுக்கப் பனிச்சேறு. ஜெகதீஸ்வரி அவளை உள்ளே இழுத்து, ஹீற்றருக்குப் பக்கத்தில் இருத்திச் சோறு போட்டாள். அவள் சாப்பிடாமல் ஞானேந்திரனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன், அவருக்கு விசா இல்ல எண்டுட்டாங்க. கலியாண எழுத்து இருக்கு, பதிஞ்சும் இருக்கு. ஆனா பதிஞ்சது மட்டும் காணாதாம், உண்மையாக் கட்டினதுக்கு ஆதாரம் வேணுமாம். அப்பீல் போட்டிருக்கன். வாற கிழமை விசாரணை. என்ட கசெட்ட ஒருக்காத் தாங்க."

"கசெட்டிலை இப்ப தலைவற்றை பேச்செல்லோ இருக்குது" என்றார் ஞானேந்திரன். "கவலைப்படாதையுங்கோ தங்கச்சி. உங்கடை கலியாணம் பெட்டகத்துக்குள்ளை பத்திரமாய் இருக்குது."

"அப்ப அதைத் தாங்க."

"அதிலை ஒரு தொழில்நுட்பச் சிக்கல்."

அவர் அவளைக் கீழே பேஸ்மென்ட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சிக்கலை நேரில் காட்டினார். பெட்டகத்தைத் திற என்று கட்டளை கொடுத்தார். கேர்னல் வரிசையைப் பார்த்தது. பெட்டகம் என்ற பெயர் நின்றது. கூப்பிட்டது. வந்தது கிறகரியுடையது. "இப்போது முடியாது" என்றது. ஞானேந்திரனுக்கு முகம் மலர்ந்தது.

"பாத்தியளோ! பாத்தியளோ! வெறும் பேர்! நீங்கள் சாட்சி."

"அண்ணன், இதுக்குள்ள அவர் இருக்காரா?" என்று அவள் கணினிப் பெட்டியைக் காட்டிக் கேட்டாள்.

"இருக்கிறார். ஒரு புள்ளி குறையாமல் இருக்கிறார்."

அவள் பெட்டியின் மேல் ஒருமுறை கையை வைத்தாள். அது சூடாக இருந்தது.

அவள் போன பிறகு ஜெகதீஸ்வரி படியில் நின்று கேட்டாள். "உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்கு ஏலாதோ, இல்லாட்டி மாட்டியளோ?"

உண்மை மிகவும் சிறியது. கிறகரியின் பெட்டகத்தைத் தொடத் தேவையில்லை. கேர்னலுக்குப் பெயர்தான் வேண்டும், எந்தப் பெயர் என்பது அதற்கு ஒரு பொருட்டல்ல. தன்னுடைய பெட்டகத்துக்கு வேறு ஏதாவது ஒரு பெயரைப் போட்டால், மூட்டை, முடிச்சு, கத்தரிக்காய் என்று எதைப் போட்டாலும், அது அந்தக் கணமே பதியும், டிஸ்க்கைத் திறக்கும், வசந்தினியின் கலியாணம் வெளியே வரும். சமாதானப் பேச்சிலும் இதற்குத் தடை இல்லை. ஒரேயொரு சொல்லை மாற்ற வேண்டும்.

"பேரை மாத்தினால் ஏலும்" என்றார் ஞானேந்திரன். "ஆனால் நான் பேரை மாத்தினால், பெட்டகம் எண்ட பேர் கிறகரிக்கெல்லோ போகும்? நாளைக்கு வரலாறு என்ன சொல்லும்?"

"வைக்கல் பட்டடை நாய் கேள்விப்பட்டிருக்கிறன், தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது. இஞ்சை ரெண்டு நாய். வரலாறு அதைத்தான் சொல்லும்" என்றுவிட்டு அவள் மேலே போய்க் கதவைச் சாத்தினாள். பெண்களுக்குக் கோப்பு முறைமைகளின் ஆழம் விளங்குவதில்லை என்று ஞானேந்திரன் வருந்தினார்.

ஆயினும் அவர் கல்நெஞ்சர் அல்லர். தானே சாட்சியாக வருவதாக வசந்தினிக்குப் போன் எடுத்துச் சொன்னார். கேர்னலை அறிந்த ஒரு நிபுணரின் வாய்மொழிக்கு முன்னால் ஒரு வீடியோ என்ன பெரிய வீடியோ? கொம்பனியில் லீவு எடுத்து, கோட்டும் ரையும் கட்டிக்கொண்டு டவுன்டவுனுக்குப் போனார். விசாரணை மேசையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார். வசந்தினிக்கு மொழிபெயர்க்க ஒருவர் இருந்தார். ஞானேந்திரன் மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று ஆங்கிலத்திலேயே வெளுத்து வாங்கினார்.

"இந்தத் திருமணத்தின் வீடியோ உங்களிடம் இருக்கிறதா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இருக்கிறது. பெட்டகத்தில்."

"பார்க்கலாமா?"

"பார்க்க முடியாது. ஆனால் பெட்டகம் முறைப்படி பதிவு செய்யப்பட்டிருக்கிறது."

"அப்படியென்றால் ஏன் பார்க்க முடியாது?"

"பதிவு செய்யப்பட்டது என்னுடைய பெட்டகம் அல்ல, அம்மா. அது வெறும் பெயர். என்னுடையது நன்றாகத் திறக்கும். ஆனால் அது பதிவு செய்யப்படவில்லை."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஐயா, இந்தப் பெண்ணிடம் திருமணப் பதிவு இருக்கிறது. பதிவு மட்டும் போதாது, திருமணத்தைக் காட்டு என்பதுதான் இங்கே வழக்கு. நீங்கள் வந்து, எங்களிடமும் பதிவு மட்டும்தான் இருக்கிறது என்கிறீர்கள். நீங்கள் யாருடைய சாட்சி?"

"மிக நல்ல கேள்வி" என்ற ஞானேந்திரன், கோப்பு முறைமை வகைகள் கேர்னலில் எப்படிப் பதியப்படுகின்றன என்பதை ஆதியிலிருந்து விளக்கத் தொடங்கினார். வரிசையை விளக்கினார், வாலை விளக்கினார், ஒரு வகையைப் பதிவிலிருந்து நீக்குவது எப்படி என்று யாரும் கேட்காமலே விளக்கினார். இதுவரை இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் அவர் சொல்வதைக் கேட்டதில்லை. எழும்பிப் போக அவர்களுக்கு அனுமதி இல்லை. மொழிபெயர்ப்பாளர் வசந்தினியின் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டு, "தங்கச்சி, இது உங்கட கேஸ் இல்ல" என்று மட்டும் சொன்னார்.

அப்பீல் தள்ளுபடியானது. இனிக் கூப்பிடுவதென்றால் முதலில் இருந்து விண்ணப்பிக்க வேண்டும், அதற்கும் வருஷக் கணக்கில் செல்லும் என்று வழக்கறிஞர் வெளியே நடையில் வைத்து அவளுக்குச் சொன்னார். ஊரில் அப்போது மறுபடியும் ஷெல் விழத் தொடங்கியிருந்தது. அருள்நேசன் அகதி முகாமொன்றில் இருந்தான். அவள் சுவரோடு சாய்ந்து நின்று அழுதாள். ஞானேந்திரனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் பெயரும் தன் பெட்டகமும் கனடாவின் விசாரணை ஒன்றில் முழுமையாகப் பதிவாகிவிட்டதே!

செய்தி பரவியது. "கனேடிய மன்றில் தமிழ்க் கோப்பு முறைமை!" என்று ஒரு தமிழ்ப் பத்திரிகை தலைப்புப் போட்டது. இவ்வளவு பெருமை ஒரு பக்கத்துக்கு மட்டும் போவதைக் கிறகரியால் தாங்க முடியவில்லை. அவர் தானாகவே விமலநாதனுக்குப் போன் எடுத்தார். அந்தக் கிழமைக்குள் இரண்டு ஒன்றியங்களும் கட்டித் தழுவின. ஞானேந்திரனுக்குப் பாராட்டு விழா என்று முடிவாயிற்று. பெட்டகம் சண்டைக்கும் ஒரு தீர்வு வந்தது: கிறகரியின் பெட்டகம் பெட்டகமாகவே இருக்கட்டும், ஞானேந்திரனுடையது இன்று முதல் "ஞானப்பெட்டகம்" என்று வழங்கட்டும். அந்தப் பெயரைக் கேட்டதும் ஞானேந்திரன் வரலாற்றைப் பற்றிய தன் பழைய கவலைகளையெல்லாம் பெருந்தன்மையோடு மறந்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. கொத்துரொட்டி உண்டு என்று அறிவித்திருந்தார்கள். மேடையில் விமலநாதன், கிறகரி, நடுவில் ஞானேந்திரன், பக்கத்தில் அவருடைய வீட்டிலிருந்து சகல மரியாதைகளோடும் எடுத்துவரப்பட்ட கணினி. முன்வரிசையில் வசந்தினி. "பயனாளி நன்றியுரை" என்று நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி வேண்டியிருந்ததால் அவளை வருந்தி அழைத்திருந்தார்கள். பக்கத்தில் ஜெகதீஸ்வரி, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு.

விமலநாதன் பொன்னாடை போர்த்தினார். கிறகரியும் ஒரு பொன்னாடை போர்த்தினார். ஞானேந்திரன் இரண்டு பொன்னாடைகளோடு வியர்த்துக்கொண்டு கணினிக்கு முன்னால் அமர்ந்தார்.

"இப்ப உங்களுக்கு முன்னாலை ஞானப்பெட்டகத்தைப் பதிஞ்சு திறந்து காட்டப்போறன்" என்றார்.

எழுதி வைத்திருந்ததில் ஒரு சொல்லை அழித்தார். அங்கே ஒரு சொல்லை அடித்தார். கேர்னல் வரிசையைத் தலையிலிருந்து வால் வரைக்கும் பார்த்தது. ஞானப்பெட்டகம் என்று யாரும் இல்லை. வாலில் இடம் கொடுத்தது. டிஸ்க் திறந்தது. கண்ணில் பட்ட முதல் கோப்பை ஞானேந்திரன் தட்டினார். அது மேடைத் திரையில் பெரிதாக விரிந்தது.

மட்டக்களப்பில் ஒரு வீட்டு முற்றம். வாழைமரம். கூறைச் சேலையில் வசந்தினி குனிந்திருக்க, அருள்நேசன் வெட்கச் சிரிப்போடு தாலியைக் கட்டினான். மேளம் கெட்டிமேளமாகியது. பின்னால் யாரோ ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். எல்லாம் கண்ணாடி போலத் தெளிவு. தாலி முடிச்சு விழுவது கூடத் தெரிந்தது.

"என்ன கிளியர்! என்ன கிளியர்!" என்று கிறகரி கத்தினார். மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது.

வசந்தினி எழும்பி மேடைக்கு வந்தாள். நன்றியுரை என்று நினைத்து விமலநாதன் மைக்கை நீட்டினார். அவள் திரையைப் பார்க்கவில்லை. ஞானேந்திரனைப் பார்த்தாள்.

"அண்ணன், இதைத் திறக்க என்ன செய்தீங்க?"

சபையில் தொழில்நுட்பக் கேள்வி! ஞானேந்திரனுக்கு உள்ளம் குளிர்ந்தது. "பெரிசாய் ஒண்டும் இல்லைத் தங்கச்சி. ஒரு சொல்லு மாத்தினனான். அவ்வளவுதான்."

"எவ்வளவு நேரம் போச்சு?"

"ஒரு நிமிசம்கூட இல்லை!"

வேகத்தை மெச்சி மண்டபம் மறுபடியும் கைதட்டியது. கை ஓயும் வரைக்கும் அவள் காத்து நின்றாள். திரையில் அருள்நேசன் அவளுடைய கையைப் பிடித்து அம்மியடிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"அண்ணன், அந்த ஒரு நிமிசம் போன கிழமை உங்களுக்கு இருக்கல்லயா?"

ஞானேந்திரன் பொன்னாடையின் சரிகையைப் பிடித்து நூல் நூலாக இழுத்தார். ஜெகதீஸ்வரி எழும்பி, தன் கோட்டையும் வசந்தினியின் கோட்டையும் எடுத்துக்கொண்டு கதவடியில் போய் நின்றாள்.

நிலைமையை உணர்ந்து தலைவர் விமலநாதன் மைக்கை வாங்கினார். நீண்ட அனுபவம் உள்ளவர் அல்லவா, குரல் துளியும் நடுங்கவில்லை.

"சகோதரியின் கேள்வி மிக ஆழமானது. இதைக் கூட்டக் குறிப்பில் முறைப்படி பதிவு செய்யும்படி பிரேரிக்கிறேன்."

"வழிமொழிகிறேன்" என்றார் கிறகரி.

கைகள் உயர்ந்தன. ஞானேந்திரனும் உயர்த்தினார். இரண்டு ஒன்றியங்களும் சேர்ந்து ஏகமனதாக நிறைவேற்றிய முதல் தீர்மானம் அது. கேள்வி பதிவு செய்யப்பட்டது. அதே பெயரில் அங்கே வேறு கேள்வி இல்லாததால், இடமும் உடனே கிடைத்தது.